மில்லிமீட்டர் அலையும் கம்பம் பள்ளத்தாக்கும்: 1895 முதல் இன்று வரை



"உங்க துறையைப் பத்தி எழுதுங்க, ஆனா நம்ம பக்கத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கணும்" என்று மலர்க் குழுவினர் கேட்டிருந்தார்கள். என் துறை கம்பியில்லாத் தகவல் தொடர்பு. ஒரு கோபுரத்துக்கும் இன்னொரு கோபுரத்துக்கும் இடையே ரேடியோ இணைப்பு அமைப்பதற்குக் கணக்குப் பார்ப்பது என் வேலை. நெல்லும் வாழையும் பன்னீர் திராட்சையும் விளைகிற நம் பள்ளத்தாக்குக்கும் இதற்கும் என்ன உறவு என்று கேட்கலாம். உறவு இருக்கிறது. அதுவும் உலகம் முழுவதும் இந்தத் துறையில் படிப்பவர்கள் தெரிந்து வைத்திருக்கிற உறவு. நம் ஊர்க்காரர்களுக்குத்தான் அது அவ்வளவாகத் தெரியாது.

ஊருக்கு வரும்போதெல்லாம் என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "ஃபைபர் ஃபைபர்னு ரோட்டைத் தோண்டிக்கிட்டே இருக்காங்களே, இனிமே எல்லாம் காத்துலயே வந்துடுமாமே, நெசமா?" அதாவது, கண்ணாடி இழைக்குப் பதிலாக மில்லிமீட்டர் அலை போதுமா என்பதுதான் கேள்வி. போதும் என்று சொல்பவர்கள் உண்டு, போதாது என்பவர்களும் உண்டு. இந்தக் கேள்வி இப்போது புதிதாக வந்ததல்ல. ஏற்கெனவே சில முறை கேட்கப்பட்டு, பதிலும் கிடைத்த கேள்வி. அந்தக் கதையை முதலில் பார்ப்போம்.

ஒரே ஆண்டில் இரண்டு சாதனைகள்

1895 என்ற ஆண்டை நம் பள்ளத்தாக்கில் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கர்னல் பென்னிகுவிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை அந்த ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்டது. மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி நம் வயல்களுக்கு வந்தது.

அதே 1895ல் கல்கத்தாவில் இன்னொரு சாதனை நடந்தது. பிரசிடென்சி கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் ஜகதீஷ் சந்திர போஸ், பொதுமக்கள் முன்னிலையில் ஒரு சோதனை செய்து காட்டினார். கம்பி எதுவும் இல்லாமல், சுவரைத் தாண்டிச் சென்ற மின்காந்த அலைகள் தூரத்தில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தன. கொஞ்சம் வெடிமருந்தையும் வெடிக்க வைத்தன. மார்கோனியின் பெயர் உலகத்துக்குத் தெரிவதற்கு முன்பு நடந்தது இது.

போஸ் பயன்படுத்திய அலைகளின் நீளம் மிகக் குறைவு. அவர் 5 மில்லிமீட்டர் வரை இறங்கினார். 300ஐ அலைநீளத்தால் (மில்லிமீட்டரில்) வகுத்தால் அதிர்வெண் ஜிகாஹெர்ட்ஸில் கிடைக்கும். அப்படிப் பார்த்தால் 5 மில்லிமீட்டர் என்பது 60 ஜிகாஹெர்ட்ஸ். இன்று வி-பேண்ட் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற அதே இடத்தில், 130 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் இந்தியக் கல்லூரிப் பேராசிரியர் நின்றிருக்கிறார்!

மாணவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவருக்குத் தனியாக ஆய்வுக்கூடம் கிடையாது. கல்லூரியில் ஒரு சின்ன அறையில், உள்ளூர்த் தகர வேலைக்காரரைப் பழக்கி, கருவிகளைத் தானே செய்துகொண்டார். ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தின் பக்கங்களுக்கு இடையே மெல்லிய உலோகத் தாளைச் செருகி, அலைகளை ஒரே தளத்தில் அதிரச் செய்யும் கருவியாக அதைப் பயன்படுத்தினார். சணல் இழைகளை முறுக்கி வைத்து ஓர் ஆராய்ச்சி செய்தார். 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இவற்றையெல்லாம் விளக்கிப் பேசினார். "எங்க காலேஜ்ல லேப் சரியில்லை சார்" என்று சொல்கிற தம்பிகள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கலாம்.

வெற்றி பெற்றது நீள அலை

இவ்வளவு சிறப்பாகத் தொடங்கிய மில்லிமீட்டர் அலை ஏன் அரை நூற்றாண்டுக்கும் மேல் மறக்கப்பட்டது? காரணம் எளிது. அன்றைய தேவை தூரம். கடலைத் தாண்ட வேண்டும், கப்பலுடன் பேச வேண்டும். 1901 டிசம்பரில் மார்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டிச் செய்தி பெற்றதாக அறிவித்தபோது பயன்பட்டவை நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ள அலைகள். அவை பூமியின் வளைவைத் தாண்டிப் போகும். மில்லிமீட்டர் அலையோ டார்ச் வெளிச்சம் மாதிரி. நேராகப் போகும், நடுவில் குன்றோ தோப்போ வந்தால் அங்கேயே நின்றுவிடும். ஆக, முதல் சுற்றில் அது தோற்றது.

இரண்டாவது சுற்று 1970களில். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் மழையும் மரமும் தொந்தரவு செய்யாதபடி மில்லிமீட்டர் அலைகளை ஒரு குழாய்க்குள் அனுப்பப் பார்த்தது. 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள உலோகக் குழாய். அதற்குள் 40 முதல் 110 ஜிகாஹெர்ட்ஸ் வரை அலைகள். ஒரே குழாயில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தொலைபேசிப் பேச்சுகள் போகும் என்று கணக்கு. 1970களின் நடுவில் நியூ ஜெர்ஸியில் மண்ணுக்குள் புதைத்துச் சோதித்தார்கள். நன்றாகவே வேலை செய்தது. ஆனாலும் கைவிடப்பட்டது. அதற்குள் போட்டிக்கு ஒரு ஆள் வந்துவிட்டார்: கண்ணாடி இழை.

கண்ணாடியைப் போதிய அளவு தூய்மையாக்கினால் ஒளியிலேயே செய்தி அனுப்பலாம் என்று 1966ல் சார்லஸ் காவ் சொன்னார். ஒரு கிலோமீட்டருக்கு 20 டெசிபலுக்கும் குறைவான இழப்பு வேண்டும் என்பது அவர் போட்ட எல்லைக்கோடு. 1970ல் கார்னிங் நிறுவனத்தினர் அந்த எல்லைக்குள் வந்துவிட்டார்கள். காவ் அவர்களுக்கு 2009ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டிலும் தாமதமாகவில்லை. 1979லேயே புனேயில் தொலைபேசி நிலையங்களுக்கு இடையே கண்ணாடி இழை இணைப்பு வந்தது.

இன்றைய இழையில் இழப்பு கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபல்தான். நம் கணக்கில் சொன்னால், தேனியில் ஒளியைச் செலுத்தி 15 கிலோமீட்டர் தள்ளி ஆண்டிபட்டியில் அளந்தால் பாதி மிச்சம் இருக்கும். மழையும் காற்றும் அதை ஒன்றும் செய்யாது. இப்படிப்பட்ட ஆளோடு மோதி ஜெயிப்பது லேசில்லை.

காற்றில் ஃபைபர் விற்றவர்கள்

மூன்றாவது சுற்று 1990களில் வந்தது. ஃபைபர் நல்லதுதான், ஆனால் ஒவ்வொரு கட்டடத்துக்கும் தெருவைத் தோண்டிக் கொண்டுபோக யாரால் முடியும்? மொட்டை மாடியில் ஒரு சின்ன ஆன்டெனா வைத்தால் போதுமே என்று அமெரிக்காவில் சில நிறுவனங்கள் புறப்பட்டன. வின்ஸ்டார் என்ற நிறுவனம் 38 ஜிகாஹெர்ட்ஸில் இயங்கிய தன் சேவைக்கு 'வயர்லெஸ் ஃபைபர்' என்றே பெயர் வைத்தது. டெலிஜென்ட் என்ற நிறுவனம் 24 ஜிகாஹெர்ட்ஸில் இறங்கியது. இரண்டும் 2001ல் திவாலாகிவிட்டன. ரேடியோ வேலை செய்தது. கடன் கணக்கு வேலை செய்யவில்லை. வாடிக்கையாளர் வருவதற்கு முன்பே ஊர் ஊராகக் கருவிகளை வாங்கிக் குவித்ததன் பலன் அது.

அதே காலத்தில் தமிழ்நாட்டில் வேறு மாதிரி சிந்தித்தார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையிலான டெநெட் குழு கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கியது. அது 1.9 ஜிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசை. நேர்ப்பார்வை இருந்தால் 10 கிலோமீட்டர் வரை எட்டும். 2001 முதல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்களில் இதைக்கொண்டு இணைய மையங்கள் இயங்கின. வேகம் குறைவு. ஆனால் கிராமத்துக்கு எது தேவையோ அதிலிருந்து தொடங்கிய முயற்சி. இதே எண்ணம்தான் அடுத்து நம் தேனிக்கு வந்தது.

தேனியில் நடந்தது

டாக்டர் கோ. வெங்கடசாமி 1976ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. தேனியில் அதன் கிளை இருப்பதும் எல்லோருக்கும் தெரியும். அந்த மருத்துவமனைக்கு ஒரு சிக்கல் இருந்தது. கண்ணில் புரை விழுந்த ஒரு பெரியவர் கிராமத்திலிருந்து தேனிக்கு வர வேண்டுமென்றால் அவருக்கும் கூட வருபவருக்கும் ஒரு நாள் கூலி போச்சு. பஸ் செலவு வேறு. அதனால் பலர் வருவதே இல்லை. எல்லா ஊரிலும் டாக்டரை உட்கார வைக்கவும் முடியாது.

அதற்கு அவர்கள் கண்ட வழி 'விஷன் சென்டர்'. பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் சிறிய ஊரிலேயே கண்ணைப் பரிசோதிப்பார். தேனியில் இருக்கும் டாக்டர் திரையில் நோயாளியைப் பார்த்துப் பேசி முடிவு சொல்வார். கண்ணாடி போதுமென்றால் அங்கேயே வேலை முடிந்தது. அறுவை சிகிச்சை தேவைப்படுபவர் மட்டும் தேனிக்கு வந்தால் போதும்.

இதற்கு முகம் தெளிவாகத் தெரிகிற வீடியோ இணைப்பு வேண்டும். அப்போது அந்தச் சிற்றூர்களில் நம்பத்தக்க இணைய வசதி இல்லை. இங்கேதான் அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் எரிக் புரூவரும், ரபின் பட்ரா, சோனேஷ் சுரானா முதலிய அவருடைய மாணவர்களும் வருகிறார்கள். வீட்டிலும் ஆபீசிலும் நூறு அடிக்குள் பயன்படுத்துகிற வைஃபை கருவியையே எடுத்து, பல கிலோமீட்டர் தூரத்துக்கு இழுத்தார்கள். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வெளியிடங்களில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு 2005 ஜனவரியில் அறிவித்ததும் சமயத்தில் உதவியது.

ஆண்டிபட்டி, போடி, சின்னமனூர், பெரியகுளம், அம்பாசமுத்திரம் ஆகிய ஐந்து மையங்கள் தேனியோடு இணைந்தன. (நெல்லை நண்பர்கள் மன்னிக்கவும், இது தேனிப் பக்கத்து அம்பாசமுத்திரம்.) மொத்தம் 9 இணைப்புகள், 11 ரேடியோ பெட்டிகள். மிகக் குட்டையான இணைப்பு 1 கிலோமீட்டர். மிக நீளமானது ஆண்டிபட்டிப் பக்கம் 15 கிலோமீட்டர். ஆன்டெனாக்களில் சில 24 முதல் 42 மீட்டர் உயரக் கோபுரங்களில் ஏறின. ஒன்று ஒரு நூற்பாலை வளாகத்திலிருந்த மின் நிலையத்தின் புகைபோக்கியிலேயே கட்டப்பட்டது! பஞ்சாலைகள் நிறைந்த நம் தேனிக்கு இதைவிடப் பொருத்தமான கோபுரம் ஏது?

முறைத் தண்ணீர் போல

சாதாரண வைஃபை ஏன் தூரம் போகாது என்பதை இன்றைய மாணவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு கருவி செய்தி அனுப்பினால், எதிர்க் கருவி "வந்துடுச்சு" என்று பதில் சொல்ல வேண்டும். 15 கிலோமீட்டர் போய் வர ஒளிக்கே 100 மைக்ரோ வினாடி ஆகும். அதுவரை பொறுக்காமல் அனுப்பிய கருவி "வரலை போல" என்று திரும்ப அனுப்பும். அதற்குள் பழைய பதில் வந்து மோதும். பேச்சே நடக்காது. போதாததற்கு, பேசுவதற்கு முன் "வேறு யாராவது பேசுகிறார்களா" என்று காது கொடுத்துக் கேட்பது வைஃபையின் வழக்கம். அவ்வளவு தூரத்தில் எதிர்ப் பக்கப் பேச்சு அந்தக் காதுக்குத் தாமதமாகத்தான் கேட்கும்.

பெர்க்லி குழுவினர் அந்த விதியையே மாற்றினார்கள். இந்த நேரத்துக்கு நீ பேசு, அந்த நேரத்துக்கு நான் பேசுகிறேன் என்று முறை வைத்தார்கள். நம் விவசாயிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பது போலத்தான். முறை வைத்ததும் சண்டை நின்றது. நொடிக்கு 5 முதல் 7 மெகாபிட் வரை கிடைத்தது. வீடியோவுக்குத் தேவைப்பட்டதோ ஒவ்வொரு பக்கத்துக்கும் 256 கிலோபிட் மட்டுமே.

என் அம்மாச்சி சின்னமனூரில் கண் பார்த்துவிட்டு வந்து, "டாக்டரு பொட்டிக்குள்ள இருந்துதான் பேசுனாரு, ஆனா நல்லா விசாரிச்சாரு" என்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அந்த 'பொட்டி'க்குப் பின்னால் இருந்த கணக்கை நான் பல ஆண்டுகள் கழித்து, வேலையில் சேர்ந்த பிறகு, ஆராய்ச்சிக் கட்டுரைகளில் படித்தேன். 2007, 2008 ஆண்டுகளில் உலகின் முக்கியமான கணினி வலையமைப்பு மாநாடுகளில் ஒன்றில் நம் தேனி, ஆண்டிபட்டி பெயர்களைப் பார்த்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

பழுதானது எது?

அந்தக் கட்டுரைகளில் எனக்குப் பெரிய பாடமாகப் பட்டது வேகமோ தூரமோ அல்ல. எது பழுதானது என்ற பட்டியல்தான். பழுதுகளில் பெரும்பாலானவை ரேடியோவால் வரவில்லை, மின்சாரத்தால் வந்தன. 230 வோல்ட் வர வேண்டிய கம்பியில் சில நேரம் மிகக் குறைவாக வரும். சில நேரம் தாறுமாறாக ஏறும். பெட்டி கருகும், அல்லது பாதி உயிரோடு தொங்கி நிற்கும். பாட்டரி ஒரேயடியாக வடிந்து கெட்டுப்போகும்.

அடுத்த சிக்கல், எது கெட்டது என்று தெரியாதது. இணைப்பு அறுந்தால் பெட்டியா, மின்சாரமா, ஆன்டெனா திரும்பிவிட்டதா என்று உள்ளூரில் சொல்ல ஆளில்லை. கோபுரத்தில் ஏறிப் பார்க்க வேண்டும். அதனால் பெட்டிகளே தங்கள் நிலையைத் தெரிவிக்கும்படி செய்தார்கள். குறை மின்னழுத்தம் வந்தால் தானாகத் துண்டித்துக்கொள்ளும் சிறு சுற்றுகளைச் சேர்த்தார்கள். உள்ளூர் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பொறுப்பை அவர்களிடமே ஒப்படைத்தார்கள். வெளிநாட்டு ஆராய்ச்சி மாணவர் ஊருக்குத் திரும்பிய பிறகும் அது ஓடியதற்குக் காரணம் இதுதான். பல்லாயிரம் பேர் அந்த இணைப்பில் கண் பரிசோதனை செய்துகொண்டார்கள். அரவிந்தின் விஷன் சென்டர்கள் இன்று நூறைத் தாண்டிவிட்டன.

நான்காவது சுற்று

இப்போது மில்லிமீட்டர் அலை நான்காம் முறையாக வந்திருக்கிறது. 2022ல் நடந்த 5ஜி ஏலத்தில் 26 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் விற்கப்பட்டது. ஜியோ, ஏர்டெல் முதலியவை வாங்கின. 2023ல் இரண்டு நிறுவனங்களும் வீட்டு மாடியில் பெட்டி வைத்துத் தரும் இணையச் சேவையைத் தொடங்கின. (அந்தப் பெட்டிகள் எல்லாமே மில்லிமீட்டர் அலை என்று நினைத்துவிடக் கூடாது; 3.5 ஜிகாஹெர்ட்ஸ் போன்ற கீழ் அலைவரிசைகளும் அவற்றில் பயன்படுகின்றன.) கோபுரங்களை இணைக்க 71 முதல் 76 வரையும், 81 முதல் 86 வரையும் உள்ள ஈ-பேண்ட் இருக்கிறது. இந்த ஈ-பேண்டையும் 60 ஜிகாஹெர்ட்ஸ் வி-பேண்டையும் எளிய நடைமுறையில் திறந்துவிடலாம் என்று டிராய் 2014லேயே பரிந்துரைத்தது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் விவாதம் நீண்டது.

இதன் பலம் அகலம். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மொத்தம் கிடைத்த இடம் 83.5 மெகாஹெர்ட்ஸ். ஈ-பேண்டில் ஒரு பக்கமே 5,000 மெகாஹெர்ட்ஸ், அதாவது 60 மடங்கு. நொடிக்கு 10 கிகாபிட் தரும் ஈ-பேண்ட் ரேடியோக்கள் கடையிலேயே கிடைக்கின்றன. வேகத்தில் ஃபைபருக்குப் பக்கத்தில் நிற்கும், சந்தேகமில்லை.

ஆனால் நம் பள்ளத்தாக்கில் இரண்டு பேரைக் கேட்க வேண்டும்: மழையை, காற்றை.

முதலில் மழை. மணிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் ஐப்பசி மழை கொட்டினால், 80 ஜிகாஹெர்ட்ஸில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 18 டெசிபல் போகும். ஒரே கிலோமீட்டரில் அறுபதில் ஒரு பங்குதான் மிஞ்சும். 26 ஜிகாஹெர்ட்ஸில் சுமார் 7 டெசிபல், அதாவது ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும். 2.4 ஜிகாஹெர்ட்ஸுக்கு அதே மழை ஒரு பொருட்டே அல்ல. தேனிக்கும் ஆண்டிபட்டிக்கும் இடையே 15 கிலோமீட்டர் இழுத்த வேலையை ஈ-பேண்டிடம் கொடுத்தால், வெயில் நாளில் பேசும். மழை நாளில் வாயை மூடிக்கொள்ளும்.

அடுத்தது காற்று. ஆடி மாதம் கணவாய் வழியாக வரும் காற்றின் பலம் நமக்குத் தெரியும். அதை நம்பித்தான் ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. 60 சென்டிமீட்டர் ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் 80 ஜிகாஹெர்ட்ஸ் கற்றையின் அகலம் அரை டிகிரிகூட இல்லை. வானத்தில் பௌர்ணமி நிலவு தெரிகிற அகலம்தான் அந்த அரை டிகிரி. 3 கிலோமீட்டர் தள்ளி அது சுமார் 23 மீட்டர் அகலமாக விழும். கோபுரத்தின் உச்சி கால் டிகிரி திரும்பினாலே பாதி சக்தி போய்விடும். ஆகவே குழாய்க் கம்பத்தில் கட்டிவிட்டு வருகிற வேலை இங்கே ஆகாது.

அப்படியானால் வழி என்ன?

என் அனுபவத்தில் எனக்குப் படுவதைச் சொல்கிறேன். பெரியாற்றுத் தண்ணீர் சுரங்கம் வழியாக மொத்தமாக வருகிறது. வயலுக்குப் போவது வாய்க்கால் வழியாக. ஃபைபர் அந்தச் சுரங்கம். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் இழை கொண்டுசெல்வது பாரத்நெட் திட்டத்தின் கீழ் டான்ஃபிநெட் நிறுவனத்தின் பணி. அதற்கு மாற்று தேட வேண்டியதில்லை. ஆனால் ஊராட்சி அலுவலகம் வரை வந்த இழை, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பள்ளிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போவதற்குள் பாலம், சாலை, தோட்டம், வனத்துறை அனுமதி என்று பல தடைகள். அந்த ஒன்றிரண்டு கிலோமீட்டரைத் தாண்டுவதற்கு மில்லிமீட்டர் அலை மிகப் பொருத்தம். சில நாட்களில் அமைத்துவிடலாம். மழைக்குத் துணையாகக் கீழ் அலைவரிசையில் ஒரு சிறிய இணைப்பையும் உடன் வைக்க வேண்டும். மழை கொட்டும்போது படம் பார்ப்பவர் பத்து நிமிடம் பொறுக்கலாம். கண்ணைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு அந்த 256 கிலோபிட் அறுந்துவிடக் கூடாது.

இன்று மின்னணுவியலும் கணினியியலும் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு புராஜெக்டுக்குக் கடையில் விலைக்கு வாங்காதீர்கள். உங்கள் ஊரில் எந்தக் கோபுரத்திலிருந்து எந்தப் பள்ளி தெரிகிறது, நடுவில் எத்தனை தென்னை நிற்கிறது, ஒரு வாரத்தில் மின்னழுத்தம் எவ்வளவு ஏறி இறங்குகிறது, ஐப்பசியில் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு மழை பெய்கிறது என்று அளந்து எழுதுங்கள். ஒரு மழைமானியும் வோல்ட் மீட்டரும் நோட்டுப் புத்தகமும் போதும். உத்தமபாளையத்திலோ கூடலூரிலோ நாளை ஓர் இணைப்பு அமைப்பவர் முதலில் தேடுவது அந்த நோட்டைத்தான். அப்படி அளந்து வைத்திருப்பவர்கள் எனக்கு எழுதினால், கணக்குப் போட நான் கூட இருப்பேன்.